மழைக்கு அப்புறம் ஸ்டியரிங் இறுகுது, திரும்பினா தானா நேராக மாட்டேங்குது – ஜாயின்ட்டா, மோட்டாரா?

வேளச்சேரி_வண்டி

எல்லாருக்கும் வணக்கம். என்னோடது 2014 மாடல் சின்ன ஹேட்ச்பேக். எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங். 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ வண்டியை மேம்பாலத்துல ஏத்தி நிறுத்தலாம்னு போனேன், இடமே கிடைக்கல. வீட்டு வாசல்லயே விட்டேன். சக்கரத்துல பாதி உயரத்துக்குத் தண்ணி நின்னுச்சு. உள்ளே ஏறல, எஞ்சினுக்கும் ஒண்ணும் ஆகல. தப்பிச்சோம்னு நெனச்சு அடியில எதையும் பார்க்காம விட்டுட்டேன்.

இப்போ ஒரு ஆறேழு மாசமா ஸ்டியரிங் மாறிக்கிட்டே வருது. விஜயநகர் பக்கத்துலேருந்து தரமணி ரோட்டுக்குத் திரும்பி, கையைத் தளர்த்தினா முன்னெல்லாம் தானா நேராகும். இப்போ திருப்பின இடத்துலயே நிக்குது, நான்தான் இழுத்து நேராக்கணும். முதல்ல கவனிச்சது என் மனைவிதான். "வண்டி வளைவுலயே போகப் பார்க்குது"ன்னு சொன்னாங்க, நான்தான் ரோடு சரியில்லைன்னு சொல்லிட்டேன். போன வாரம் மழையில குழந்தையோட போறப்போ திருப்பத்துல நேராக்க ஒரு நொடி லேட்டாகி, பக்கத்துல வந்த பைக்கை நெருங்கிட்டேன். அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

ஒரு பட்டறையில காட்டினேன். மோட்டாரோட சேர்த்து ஸ்டியரிங் காலம் (column, ஸ்டியரிங்கைத் தாங்குற மேல் தண்டுப் பகுதி) முழுசா மாத்தணும், ₹28,000 ஆகும்னாங்க. டேஷ்போர்டுல எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியல. பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேட்கிறேன்: இது ஏதாவது ஜாயின்ட் இறுகினதா இருக்குமா? எந்த ஜாயின்ட்? இனிமே இப்படி ஆகாம எப்படிப் பார்த்துக்கறது?

போரூர்_டிரைவர்

சார், நான் கால் டாக்ஸி ஓட்டுறேன். எனக்கும் இதே மாதிரி ஆச்சு. பிரேக் பெடலுக்கு மேல, ஸ்டியரிங் தண்டு கீழே இறங்குற இடத்துல ஒரு கிராஸ் ஜாயின்ட் இருக்கும். அதுல துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரே ஆயிலை நல்லா அடிச்சு, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் இருபது தடவை சுத்துங்க. வெண்ணெய் மாதிரி ஆயிடும். 28,000 எல்லாம் குடுக்காதீங்க.

பாடி_பட்டறை

தம்பி, காலத்தை மாத்தாதீங்க, அவசரப்பட்டு ஆயிலும் அடிக்காதீங்க. முதல்ல எது இறுகியிருக்குன்னு தெரியணும். முப்பது வருஷமா இந்த வேலைதான். ஸ்டியரிங் டைட்னு வர்ற வண்டியில ஆள் முதல்ல கையை வைக்கிறது ஒரு இடம், கோளாறு இருக்கிறது இன்னொரு இடம்.

ஸ்டியரிங்ல இருந்து சக்கரம் வரைக்கும் நாலஞ்சு மூட்டு இருக்கு. மேலே இருந்து வந்தா, காலத்துக்குக் கீழே இருக்கிற தண்டுல ரெண்டு கிராஸ் ஜாயின்ட். அப்புறம் ராக், அதாவது இடமும் வலமும் நகர்ந்து சக்கரத்தைத் திருப்புற பல் வச்ச கம்பி. ராக்கோட ரெண்டு முனையிலயும், பூட்னு சொல்ற ரப்பர் உறைக்குள்ள ராக் எண்ட். அதுக்கு வெளியில, சக்கரத்தோட சேர்ற முனையில டை ராடு எண்ட். சக்கரத்தைக் கீழே தாங்குற லோயர் ஆர்ம்ல, கிண்ணத்துக்குள்ள பந்து சுத்துற பால் ஜாயின்ட். மேலே ஷாக் அப்சார்பர் பாடியில மாட்டுற இடத்துல (ஸ்ட்ரட் மவுண்ட்) ஒரு பேரிங். இதுல எது காய்ஞ்சாலும் ஓட்டுறவருக்கு "ஸ்டியரிங் டைட்" ஒண்ணுதான் தெரியும்.

காசு செலவில்லாம நீங்களே பார்க்கலாம். டயர்ல காத்து சரியா இருக்கான்னு முதல்ல பாருங்க. இதைச் சொன்னா சிலருக்குக் கோவம் வரும், ஆனா காத்து குறைஞ்ச வண்டிக்கு ஸ்டியரிங்கைப் பிரிச்சுப் போட்டதை நான் பார்த்திருக்கேன்.

அப்புறம் சமதளத்துல நிறுத்தி, பின் சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கல்லு முட்டுக் குடுத்து, முன்பக்கம் ரெண்டு சக்கரத்தையும் தூக்குங்க. ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க, ஸ்டாண்ட் வச்சே ஆகணும். எஞ்சினை ஆஃப் பண்ணுங்க. ஸ்டியரிங் லாக் விழாம இருக்கிற அளவுக்கு மட்டும் சாவியைத் திருப்பி, ஒரு கையால மெதுவா இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் சுத்துங்க. மோட்டார் உதவி இல்லாம, தரையோட எடை இல்லாம, கைக்கு என்ன தெரியுதுன்னு வந்து சொல்லுங்க. எத்தனை இடத்துல பிடிக்குதுன்னு எண்ணுங்க. அதுதான் முக்கியம்.

வேளச்சேரி_வண்டி

நன்றிங்க அண்ணே. ஸ்டாண்ட் என்கிட்ட இல்ல, மாடி வீட்டு சார்கிட்ட வாங்கித் தூக்கிப் பார்த்தேன். டயர்ல காத்து சரியா இருக்கு.

எஞ்சின் ஆஃப்ல சுத்தும்போது ஒரே சீரா இல்ல. ஒரு இடத்துல லேசாப் போகுது, அடுத்து பிடிக்குது, திரும்ப லேசாகுது, திரும்பப் பிடிக்குது. ஒரு முழுச் சுத்துக்கு ரெண்டு தடவை பிடிக்குது. ஸ்டியரிங்ல டேப் ஒட்டி அடையாளம் வச்சு மூணு தடவை எண்ணினேன், ஒவ்வொரு சுத்துலயும் அதே இடத்துலதான். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினா இது எதுவுமே தெரியல! அதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு.

ஒரகடம்_எஞ்சினியர்

உதிரிபாகத் துறையில இருக்கேன், அதனால இதைக் கொஞ்சம் விளக்குறேன். நீங்க எண்ணினதுலயே பாதி விடை வந்துடுச்சு.

கிராஸ் ஜாயின்ட்னா ரெண்டு கவட்டை, நடுவுல கூட்டல் குறி வடிவத்துல ஒரு துண்டு. அந்தத் துண்டோட நாலு கையிலயும் சின்னக் கிண்ணம் மாதிரி மூடி, அதுக்குள்ள ஊசி ஊசியா பேரிங், கொஞ்சம் கிரீஸ். தண்டு வளைஞ்சு இறங்குறதுனால, ஸ்டியரிங்கைச் சுத்தும்போது இந்தக் கைகள் ஒவ்வொரு சுத்துக்கும் முன்னும் பின்னும் அசையும். ஒரே ஒரு கிராஸ் ஜாயின்ட் இருந்தா, மேல் தண்டு சீரா சுத்தினாலும் கீழ்த் தண்டு ஒரு சுத்துல ரெண்டு தடவை வேகமாகி ரெண்டு தடவை மெதுவாகும். அதோட இயல்பே அது. அதைச் சமன் பண்ணத்தான் ரெண்டாவது ஜாயின்ட்டை வச்சு, ரெண்டு கவட்டையையும் கணக்காப் பொருத்தியிருக்காங்க. ஒரு ஜோடி கையில துரு பிடிச்சுட்டா, அந்தக் கை அதிகமா மடங்க வேண்டிய ரெண்டு இடத்துலயும் மாட்டும். சுத்துக்கு ரெண்டு தடவைன்னா கிராஸ் ஜாயின்ட் மேல பலமா சந்தேகப்படலாம். ராக்ல கோளாறுன்னா பொதுவா நடுவுல மட்டுமோ ஒரு கோடியில மட்டுமோ பிடிக்கும், இப்படிச் சுத்துக்குச் சுத்து அதே இடத்துல திரும்பி வராது.

எஞ்சின் ஓடும்போது ஏன் தெரியலைன்னு கேட்டீங்க. சின்ன வண்டிகள்ல நிறைய மாடலுக்கு மோட்டார் காலத்துலயே, டேஷ்போர்டுக்கு அடியில இருக்கு. அது கொடுக்கிற முறுக்கு முழுக்க இந்த ஜாயின்ட் வழியாத்தான் கீழே இறங்குது. ஜாயின்ட் இறுகினா மோட்டார் கூடுதலாத் தள்ளிடும், உங்க கைக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா சக்கரம் தானா நேராகுறப்போ விசை கீழேயிருந்து மேலே வரணும். அந்த விசை ரொம்பச் சின்னது, இறுகின ஜாயின்ட்டைத் தாண்டி வர முடியாம அங்கேயே செத்துடும். திருப்பும்போது லேசாவும் நேராகும்போது அடமாவும் இருக்கிறதுக்கு இதான் காரணம். பழைய பவர் இல்லாத ஸ்டியரிங்கா இருந்திருந்தா ஆறு மாசம் முன்னாடியே தோள் வலிச்சிருக்கும், அப்பவே பட்டறைக்குப் போயிருப்பீங்க.

போரூர்_டிரைவர்

அதைத்தான் சார் நானும் சொன்னேன், கிராஸ் ஜாயின்ட்டுனு. ஆயில் அடிச்சா என்ன தப்பு?

பாடி_பட்டறை

தம்பி, நீங்க சொன்ன இடம் சரிதான். மருந்துதான் சரியில்ல. ஆயில் அடிச்சதுக்கு அப்புறம் எத்தனை நாள் நல்லா ஓடுச்சு?

போரூர்_டிரைவர்

உண்மையைச் சொல்றேன். முதல் தடவை ரெண்டு மாசம். ரெண்டாவது தடவை மூணு வாரம். இப்போ வாரத்துக்கு ஒரு தடவை அடிக்கிறேன்.

பாடி_பட்டறை

அதான் தம்பி விஷயம். அந்த ஸ்ப்ரே தண்ணியை விரட்டவும் துருவை இளக்கவும் செஞ்சது. தண்ணி மாதிரி மெலிசு. அந்தக் கிண்ணத்துக்குள்ள மிச்சம் இருந்த கிரீஸையும் கரைச்சு வெளிய கொண்டுவந்துடும். அப்புறம் அதுவும் காய்ஞ்சுடும். உள்ளே ஊசி பேரிங் வெறும் இரும்போட இரும்பா உரசும். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் நாள் குறையறது அதனாலதான். அவசரத்துக்கு ஒரு தடவை அடிச்சு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவரலாம், தப்பில்ல. அதையே வைத்தியமா வச்சுக்கக் கூடாது.

நீங்க நாள் பூரா சவாரி ஏத்துறவரு. பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க உங்களை நம்பித்தான் உட்கார்ந்திருக்காங்க. இந்த வாரமே காட்டிடுங்க, தள்ளிப்போடாதீங்க.

திருவான்மியூர்_அலை

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க வீட்டுலேருந்து கடற்கரை நடக்கிற தூரம்தான். பத்து வருஷமா வண்டி வச்சிருக்கேன், வெள்ளத்துல ஒரு தடவைகூட நின்னதில்ல. ஆனாலும் ரெண்டு வருஷம் முன்னாடி இடது பக்க லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட் இறுகி, திரும்பும்போதெல்லாம் கரகரன்னு சத்தம் வந்துச்சு. கழட்டிப் பார்த்தா ரப்பர் பூட் கிழிஞ்சு, உள்ளே கிரீஸ் இருந்த இடத்துல செம்மண் குழம்பு மாதிரி ஏதோ இருந்துச்சு.

அந்த ரப்பர் ஏன் கிழிஞ்சதுன்னு நான் விடாம விசாரிச்சேன். வாட்டர் சர்வீஸ் விடுற இடத்துல, கழுவி முடிச்சதும் அடியில டீசல், கழிவு ஆயில் கலந்து அடிப்பாங்க. துரு பிடிக்காதுன்னு சொல்லித்தான் அடிக்கிறாங்க, நானும் கேட்டு வாங்கி அடிச்சிருக்கேன். இரும்புக்கு அது நல்லதா இருக்கலாம், ரப்பருக்கு விஷம். பூட் உப்பி, கொழகொழன்னு ஆகி, கடைசியில கிழியும். கிழிஞ்ச அன்னிக்கு யாருக்கும் தெரியாது. உப்புக் காத்தும் மணலும் உள்ளே போய் ஒரு வருஷம் கழிச்சுத்தான் சத்தம் வரும்.

இப்போ டீசல் அடிக்க வேண்டாம்னு வண்டியை விடும்போதே சொல்லிடுவேன். தண்ணி பீச்சும் குழாயை ஜாயின்ட்டுக்கு நேரா, கிட்ட வச்சு அடிக்காதீங்கன்னும் சொல்லுவேன். அந்த அழுத்தத்துல நல்ல பூட்டோட விளிம்பு வழியாகூடத் தண்ணி உள்ளே போயிடும். ஒரு தடவை பக்கத்துல நின்னு பாருங்க, அப்புறம் நீங்களும் சொல்லுவீங்க.

பெரம்பூர்_பெரியவர்

அந்தக் காலத்து அம்பாசிடர் வைத்திருந்தவன் நான். முன்பக்கம் மூட்டுக்கு மூட்டு கிரீஸ் நிப்பிள் இருக்கும். மாதம் ஒரு ஞாயிறு, கிரீஸ் கன் எடுத்துக்கொண்டு அடியில் படுத்துவிடுவேன். பழைய கிரீஸ் கறுப்பாக வெளியே வந்து, பின்னால் புதிய கிரீஸ் தெரியும்வரை அழுத்த வேண்டும். அந்தப் பழைய கிரீஸோடு தண்ணீரும் மண்ணும் வெளியே வந்துவிடும். ஜாயின்ட் மழையில் நனைந்தாலும் அடுத்த ஞாயிறு குளித்துவிடும் என்று என் தகப்பனார் சொல்வார்.

இப்போது வருகிற கார்களில் நிப்பிள் கிடையாது. பராமரிப்பே வேண்டாம், ஆயுளுக்கும் போதும் என்கிறார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை, என் பேரனுடைய வண்டி என் அம்பாசிடரைவிட நூறு மடங்கு சுகமாக ஓடுகிறது. ஆனால் நிப்பிள் போனதோடு, அடியில் குனிந்து பார்க்கிற பழக்கமும் போய்விட்டது. கிரீஸ் அடிக்க வேண்டாம் என்றால் பார்க்கவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறோம் அல்லவா? பழம் வைக்கக் குனியும்போதே ஒரு டார்ச் அடித்து அந்த ரப்பர்களைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் பார்ப்பதற்கு அதைவிட நல்ல நாள் இல்லை.

ஒரகடம்_எஞ்சினியர்

ஐயா சொன்னதுல ஒரு வார்த்தைகூட மாத்த வேண்டியதில்ல. மூடின ஜாயின்ட்டுக்கு உள்ளே போட்ட கிரீஸ்தான் கடைசி வரைக்கும். அதைக் காப்பாத்துறது ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர் தடிமன் ரப்பர். அதனால நம்ம கையில இருக்கிற பராமரிப்பு அந்த ரப்பரைப் பார்த்துக்கறதுதான்.

விரலால தொட்டுப் பாருங்க. நல்ல பூட் மெத்துன்னு அமுங்கி எழும். விறைச்சுப் போனதோ, மடிப்புல தலைமுடி மாதிரி கீறல் விட்டதோ சீக்கிரம் கிழியும். சுத்தி கிரீஸ் கசிஞ்சு அதுல மண் ஒட்டியிருந்தா ஏற்கெனவே கிழிஞ்சாச்சுன்னு அர்த்தம். ரப்பர் மேல எதாவது பூசணும்னா சிலிக்கோன் கிரீஸ் மட்டும். பெட்ரோலியத்துல வர்ற எதையும் பூசாதீங்க.

போரூர்_டிரைவர்

அண்ணே, இப்போ என் வண்டியில படுத்துப் பார்த்தேன். வலது பக்க டை ராடு எண்ட் பூட் கிழிஞ்சிருக்கு. எங்க டாக்ஸி ஸ்டாண்டுல ஒருத்தர், சிரிஞ்சுல கிரீஸ் ஏத்தி அதுக்குள்ள விட்டு, மேல டேப் சுத்திக் குடுக்கிறார். 100 ரூபாதான். அது நிக்குமா? ஜாயின்ட் ஆட்டம் இல்ல.

பாடி_பட்டறை

கிழிஞ்ச அன்னிக்கே பார்த்து, உள்ளே மண்ணு போகாம இருந்தா, கிரீஸை மாத்தி பூட்டை மட்டும் புதுசாப் போடலாம். சில வண்டிக்கு பூட் தனியாவே கிடைக்கும். எப்போ கிழிஞ்சதுன்னு தெரியலைன்னா யோசிக்காதீங்க, எண்டையே மாத்துங்க. உள்ளே போன மண்ணோட கிரீஸ் சேர்ந்தா பட்டை தீட்டுற பசை மாதிரி ஆயிடும், ஒவ்வொரு திருப்பத்துலயும் பந்தைத் தேய்க்கும். மேல டேப் சுத்தினா தண்ணி உள்ளேயே நிக்கும், அவ்வளவுதான்.

இறுகின பால் ஜாயின்ட் விஷயத்துல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. இறுக்கம் அப்படியே இருக்காது. துரு பிடிச்சு இறுகும், அப்புறம் அந்தத் துரு தேய்ஞ்சு ஆட்டம் விடும். ஆட்டம் விட்டா ஒரு நாள் பந்து கிண்ணத்தை விட்டு வெளிய வந்துடும். ரோட்டுல முன் சக்கரம் ஒரு பக்கமா மடங்கிக் கிடக்கிற வண்டியைப் பார்த்திருப்பீங்க. இறுக்கமா இருந்தது திடீர்னு தானா லேசாகிட்டா சந்தோஷப்படாதீங்க, அன்னிக்கே வண்டியைத் தூக்கிப் பாருங்க.

எண்டை மாத்துறவர்கிட்ட ரெண்டு விஷயம் கவனிங்க. பழசைக் கழட்டும்போது போல்ட் முனையில சுத்தியல் போடக் கூடாது. அது உட்கார்ந்திருக்கிற ஆர்ம் பக்கவாட்டுல தட்டணும், இல்ல புல்லர்னு இழுத்துக் கழட்டுற கருவி போடணும். புது நட்டை முறுக்கின அப்புறம் நட்டு கழலாம இருக்கப் போடுற காட்டர் பின்னுக்கான ஓட்டை நேரா வரலைன்னா இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்கணும், தளர்த்தி நேராக்கக் கூடாது. வேலை முடிஞ்சதும் அலைன்மென்ட் பார்த்தே ஆகணும். பழைய எண்ட் எத்தனை புரி உள்ளே இருந்துச்சோ அதே அளவு போட்டோம்னு சொல்லி அனுப்பினா, ரெண்டே மாசத்துல டயர் ஒரு ஓரமாத் தேய்ஞ்சிடும்.

வேளச்சேரி தம்பி, உங்க தண்டை யார் கழட்டினாலும் நீங்க பக்கத்துல இருங்க. பேட்டரி நெகடிவைக் கழட்டச் சொல்லுங்க. சக்கரத்தை நேரா வச்சு, ஸ்டியரிங்கை அசையாம கட்டிடணும். தண்டு கழண்டிருக்கும்போது ஸ்டியரிங் சும்மா சுத்திடுச்சுன்னா, ஏர்பேக்குக்குப் போற சுருள் கேபிள் அறுந்துடும், அது தனிச் செலவு. கழட்டுறதுக்கு முன்னாடி தண்டுலயும் ராக் முனையிலயும் ஒரே கோடா பெயின்ட் வைக்கணும். தண்டை ராக் முனையோட இறுக்குற போல்ட்டைத் தளர்த்தினா மட்டும் போதாது, முழுசா வெளிய எடுத்தாத்தான் தண்டு உருவும். தெரியாதவங்க சுத்தியல் போட்டு அடிப்பாங்க, விடாதீங்க.

கிராஸ் மட்டும் தனியா மாத்தித் தர்றோம்னு சிலர் சொல்லுவாங்க. பின் சக்கரத்துக்கு விசை கொண்டுபோற ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுல சர்க்ளிப் (கழட்டி மாட்டுற வளையம்) போட்ட கிராஸ் மாத்துறது வேற. ஸ்டியரிங் தண்டுல கிண்ணத்தைக் கம்பெனியிலயே ஓரம் தட்டிப் பூட்டியிருப்பாங்க. அதைப் பிதுக்கி எடுத்து வேற போட்டு, கையால தட்டிப் பூட்டினா எத்தனை நாள் நிக்கும்னு எனக்கு உறுதி சொல்ல முடியாது. நான் செய்யறதில்ல. தண்டாவே மாத்துங்க.

வேளச்சேரி_வண்டி

இன்னிக்கு வேலை முடிஞ்சது. எழுதாம தூங்க மனசு வரல.

வேற ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். அண்ணன் எழுதினதை அப்படியே அவர்கிட்ட காட்டினேன். கோவிச்சுப்பாரோன்னு பயந்தேன். அவர் முழுசாப் படிச்சுட்டு, "சரியாத்தான் சொல்லியிருக்கார்"னு சொல்லிட்டு சீட் பெல்ட்டாலயே ஸ்டியரிங்கைக் கட்டினார். தண்டை உருவி என் கையில குடுத்தார். மேல் ஜாயின்ட் எந்தப் பக்கம் ஆட்டினாலும் தன் எடையிலயே தொங்குது. கீழ் ஜாயின்ட் ஒரு பக்கம் நல்லா மடங்குது, இன்னொரு பக்கம் ரெண்டு கையால வளைச்சாத்தான் அசையுது, அசைச்ச இடத்துலயே நிக்குது. கிண்ணத்தோட ஓரமெல்லாம் செம்பழுப்பா துரு. தண்ணி நின்னது அந்த உயரம் வரைக்கும்தான். அந்த ஒரு ஜாயின்ட்டை நான் அப்பவே பார்த்திருக்கலாம்.

தண்டு வெளிய இருக்கும்போதே ராக் முனையைக் கையால சுத்திக் காட்டினார், சீராப் போச்சு. மேல ஸ்டியரிங் பக்கமும் லேசா அசைச்சுப் பார்த்தார், அங்கேயும் பிடிப்பு இல்ல. மோட்டாருக்கு ஒண்ணும் இல்லைன்னு அப்பவே உறுதியாச்சு. புதுத் தண்டும் கூலியும் சேர்த்து ₹4,100. தண்டு ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு) தாண்டுற இடத்துல ரப்பர் உறை ஒரு பக்கம் நழுவிக் கிடந்துச்சு, அதையும் சரியா உட்கார வச்சார். டை ராடைத் தொடாததால அலைன்மென்ட் தேவைப்படல, ஸ்டியரிங் நேராவே உட்கார்ந்துச்சு.

வர்ற வழியில அதே தரமணித் திருப்பத்துல கையைத் தளர்த்தினேன். ஸ்டியரிங் என் உள்ளங்கைக்குள்ள வழுக்கிக்கிட்டு தானா நேராச்சு. வீட்டுக்கு வந்ததும் முதல்ல மனைவிகிட்ட மன்னிப்புக் கேட்டேன்.

திருவான்மியூர்_அலை

படிக்கவே நிம்மதியா இருக்கு. ஒரு கேள்வி. பழைய தண்டோட மேல் ஜாயின்ட் நல்லா இருக்கே, புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகள்ல குடுத்தா எடுத்துப்பாங்களா? அதே மாதிரி நமக்குத் தேவைன்னா அங்கே பழசு வாங்கலாமா?

பாடி_பட்டறை

கதவு, கண்ணாடி, பம்பர், சீட்டு எல்லாம் புதுப்பேட்டையில தாராளமா வாங்குங்கம்மா, நானும் வாங்குறேன். ஸ்டியரிங், பிரேக் சாமான் மட்டும் பழசு வேண்டாம். அது எந்த வெள்ளத்துல நின்ன வண்டியோ, எந்த விபத்துல முறுக்கின தண்டோ, கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. இந்த ஜாயின்ட் எல்லாம் நம்ம ஊர்லயே செய்யறாங்க, சென்னையைச் சேர்ந்த ரானே குழுமத்துக்கே பல வருஷமா ஸ்டியரிங் சாமான்தான் தொழில். புதுசு கிடைக்காத பொருள் இல்ல. பெட்டியில பார்ட் நம்பர், பில் ரெண்டும் பார்த்து வாங்குங்க.

தம்பி அந்தப் பழைய தண்டை யாருக்கும் விக்க வேண்டாம். வளைச்சுப் போட்டுட்டு இரும்புக் கடையில போடுங்க.

போரூர்_டிரைவர்

அண்ணே, நாளைக்குக் காலையில சவாரி எடுக்கல. டை ராடு எண்ட், கிராஸ் தண்டு ரெண்டும் பார்க்கப் போறேன். உங்க பட்டறை ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா?

பாடி_பட்டறை

மதியம் வரைக்கும் இருப்பேன். வாங்க. வர்ற வழியில ஆயில் அடிக்காதீங்க, இறுக்கம் எங்கேன்னு நான் கைய வச்சுப் பார்க்கணும்.